புதுப்பிப்பு: கோல்ஃப் ஆடும் அப்பாவுக்கு வாங்கிய பரிசுகள்

கோல்ஃப் ஆடும் அப்பாவுக்கு உண்மையிலேயே பயன்படும் பரிசு எது என்று முன்பு கேட்டிருந்தேன். பொறுமையாகப் பதிலளித்த அனைவருக்கும் நன்றி. புதிய மட்டை வேண்டாம், இருக்கும் மட்டைகளின் கைப்பிடி உறைகளை மாற்றிக் கொடுங்கள் என்று ஒருவர் சொன்ன யோசனைதான் மிக நன்றாகப் பலித்தது. பழைய ரப்பர் இறுகிப்போய், கட்டைவிரல் பதியும் இடத்தில் வழவழவென்று தேய்ந்திருந்தது. விரல் மூட்டு வலி உள்ளவர் என்பதால் சற்றே தடிமனான உறைகளைப் போடச் சொன்னோம், இப்போது இறுக்கிப் பிடிக்காமலேயே வீச முடிகிறது என்று மகிழ்ச்சியாகச் சொல்கிறார். கையுறையும் வாங்கினோம், வலக்கை ஆட்டக்காரர்கள் அதை இடக்கையில்தான் அணிவார்கள் என்பதை வாங்குபவர்கள் கவனிக்க வேண்டும்.

நாங்கள் எதிர்பாராத விஷயம் தூரம் அளக்கும் லேசர் கருவியில் இருந்தது. 2019-இல் நடப்புக்கு வந்த விதிகளின்படி, போட்டி நடத்துபவர்கள் தனியாகத் தடை விதிக்காத வரை தூரத்தை அளக்கலாம்; ஆனால் நிலத்தின் ஏற்ற இறக்கத்தைக் கருவியால் அளப்பது போட்டிச் சுற்றில் பொதுவாக விதிமீறலாகும். ஆகவே, அந்த வசதியை அணைத்துவைக்கும் பொத்தான் வெளிப்புறத்திலேயே உள்ள கருவியைத் தேர்ந்தெடுத்தோம். பந்துகளை மட்டும் அவர் வழக்கமாக ஆடும் அதே வகையில் வாங்கினோம்.