குறும்படத்தின் ஒலி குறித்து ஆலோசனை தேவை
அனைவருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நண்பர்கள் சேர்ந்து சொற்பச் செலவில் எடுத்த காதல் குறும்படத்தை அந்நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் உறவினர்களுக்குத் திரையிட்டோம். விக்டோரியா தெருச் சந்தையின் மசாலாக் கடை முன்னால் இருவரும் பேசாமல் பார்த்துக்கொள்ளும் காட்சி எல்லோருக்கும் பிடித்திருந்தது. ஆனால் கடற்கரையில் நாயகி மனம் திறக்கும் இடத்தில் காற்றின் இரைச்சல் வசனத்தை விழுங்கிவிட்டதாகப் பெரியவர்கள் குறைப்பட்டார்கள், அது நியாயமான குறைதான்.

அந்த வசனத்திற்கு மட்டும் டப்பிங் செய்ய எண்ணுகிறோம். அறைக்குள் பதிவாகும் குரல் திறந்தவெளிக் காட்சியில் ஒட்டாமல் தனித்து நிற்கும் என்பதால், அலையோசையைத் தனியே பதிவுசெய்து அடியில் சேர்த்தால் போதுமா, அல்லது காற்று அடங்கிய அதிகாலையில் வெளியிலேயே குரலைப் பதிவுசெய்வது நல்லதா என்பதை ஒலிப்பதிவில் அனுபவமுள்ளவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.

டியூப்லைட்டில் எடுத்த சமையலறைக் காட்சியும் மினுக்குகிறது. இங்கு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கொளியும் அதற்கேற்பத் துடிக்கும் என்பதால் இனி கேமராவின் ஷட்டர் வேகத்தை அதனுடன் பொருந்தும் 1/50 வினாடியில் வைத்துக்கொள்வோம். ஏற்கெனவே எடுத்ததைப் படத்தொகுப்பில் சரிசெய்ய முடியுமா?