தொழில்துறையிலிருந்து வகுப்பறைக்கு: அமைப்புப் பொறியியலை எங்கிருந்து தொடங்கிக் கற்பிப்பது?

கேள்வி

வணக்கம். 16 ஆண்டுகளாக மருத்துவக் கருவிகள் தயாரிக்கும் துறையில் அமைப்புப் பொறியாளராக இருக்கிறேன். தேவைகளை (அமைப்பு என்ன செய்ய வேண்டும் என்ற வரையறைகளை) எழுதுவது, துணை அமைப்புகள் ஒன்றோடொன்று எப்படி இணையும் என்று சொல்லும் இடைமுக ஆவணங்களைப் பேசி முடிப்பது, சோதனைத் திட்டம் வகுப்பது என்றே காலம் போயிருக்கிறது. இப்போது ஒரு பொறியியல் கல்லூரியில் முழுநேர ஆசிரியராகச் சேர அழைப்பு வந்துள்ளது. சென்ற பருவத்தில் அங்கே வாரம் ஒரு வகுப்பு எடுத்தேன். ஒவ்வொரு வடிவமைப்புப் படிக்கும் எதிரே அதற்குரிய சோதனையை V வடிவில் காட்டும் வி-மாதிரியைப் பலகையில் வரைந்து விளக்கினேன். மாணவர்கள் தேர்வில் அதைப் பிழையின்றி வரைந்தார்கள். ஆனால் ஒரு தேவையைக் காட்டி, “இதை எப்படிச் சோதிப்பீர்கள்?” என்று கேட்டபோது வகுப்பே அமைதியாகிவிட்டது. அந்த அமைதி என்னை இன்னும் வருத்துகிறது. வேலையில் கற்றதை எப்படிப் பாடமாக்குவது?

மறுமொழி 1

நானும் இதே வழியில் வந்தவன். படத்திலிருந்து தொடங்காதீர்கள், ஒரு பிழையிலிருந்து தொடங்குங்கள். நான் எடுத்துக்கொள்வது ஹைகன்ஸ் விண்கலம். 1997இல் காசினி என்ற தாய்க்கலத்தோடு ஏவப்பட்ட அது, சனிக்கோளின் துணைக்கோளான டைட்டனில் இறங்கும்போது அனுப்பும் தரவைக் காசினி வாங்கிப் பூமிக்கு அனுப்ப வேண்டும். இரண்டுக்கும் இடையிலான வேகத்தால் டாப்ளர் விளைவு (அனுப்பிய அலையின் அதிர்வெண் வாங்கும் இடத்தில் மாறித் தெரிவது) ஏற்படும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். காசினியின் வாங்கி, அலையின் அதிர்வெண் மாற்றத்தைச் சமாளிக்கும்படியே செய்யப்பட்டிருந்தது. ஆனால் அதே விளைவு தரவு பிட்டுகள் வந்துசேரும் வேகத்தையும் மாற்றும் என்பதற்குப் போதிய இடம் விடப்படவில்லை. இரு முனைகளையும் உண்மை நிலையில் இணைத்துப் பார்க்கும் முழுச் சோதனை ஏவுவதற்கு முன் நடக்கவில்லை. 2000இல் ஐரோப்பிய விண்வெளி முகமையின் பொறியாளர் போரிஸ் ஸ்மெட்ஸ், பூமியிலிருந்தே டாப்ளர் மாற்றத்தோடு சமிக்ஞை அனுப்பிச் சோதித்தபோதுதான் குறை வெளிப்பட்டது. வன்பொருளைத் தொட முடியாத நிலையில் காசினியின் பாதையையே மாற்றி அந்த வேகத்தின் தாக்கத்தைக் குறைத்தார்கள். 2005 ஜனவரி 14 அன்று ஹைகன்ஸ் டைட்டனில் இறங்கித் தரவு அனுப்பியது.

இதைச் சொல்லி முடித்ததும், “இந்தக் குறையை முன்பே பிடித்திருக்கக்கூடிய தேவையை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்” என்று கேட்பேன். வகுப்பின் மீதி நேரம் முழுவதும் அதற்கே போய்விடும், போகட்டும்.

மறுமொழி 2

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன், ஆனால் கதை கேட்பது போதாது. மாணவர்களின் கையில் ஒன்று உடைய வேண்டும். நான் வகுப்பை இரண்டு குழுக்களாகப் பிரிப்பேன். ஒன்று வெப்பநிலை உணரியைச் செய்யும், மற்றது திரையைச் செய்யும். இரண்டுக்கும் இடையே ஒரு பக்க இடைமுக ஆவணம் மட்டுமே போகலாம், வாய்ப்பேச்சு கூடாது. மூன்றாம் வாரம் இணைத்தபோது 30 பாகை 300 என்று தெரிந்தது. ஒரு குழு தசமத்தைத் தவிர்க்கப் பத்தால் பெருக்கி அனுப்பியிருந்தது, ஆவணத்தில் அதை எழுதவில்லை. அதன்பிறகு அவர்கள் எழுதிய ஆவணத்தில் அலகு, வரம்பு, பிழைநிலை எல்லாம் தாமாகவே வந்தன.

அதற்காக ஐஎஸ்ஓ 15288 போன்ற தரநிலைகளை ஒதுக்கிவிட வேண்டாம். கருத்துருவாக்கம் முதல் கைவிடுதல் வரை அமைப்பின் முழு வாழ்நாளையும் அது பேசுகிறது. பராமரிப்பை மறந்துவிடும் மாணவர்களுக்கு அது அவசியம். பட்டபின் படித்தால் நிற்கும், அவ்வளவுதான்.

மறுமொழி 3

பாடத்தைப் பற்றி மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். பணியைப் பற்றி ஒன்று. இயன்றால் தொழில்துறையில் வடிவமைப்பு மறுஆய்வுக்காவது அவ்வப்போது போய்வர அனுமதி கேட்டு வாங்குங்கள். ஐந்தாறு ஆண்டுகளில் நம் எடுத்துக்காட்டுகள் பழையனவாகிவிடும், மாணவர்கள் அதை உடனே கண்டுகொள்வார்கள்.

கேட்டவர்

மிக்க நன்றி. முதல் வகுப்பில் “ஆபத்து நேர்ந்தால் கருவி விரைவாக எச்சரிக்க வேண்டும்” என்ற வரியைக் கொடுத்து, எத்தனை நொடிக்குள், யாருக்கு, மின்சாரம் போனால் என்ன என்று அவர்களையே கேள்விகள் எழுப்ப வைக்கப் போகிறேன். ஒன்று மட்டும்: குழுவாகச் செய்த வேலைக்குத் தனித்தனியே எப்படி மதிப்பெண் இடுகிறீர்கள்?

மறுமொழி 2

குழுவுக்குப் பாதி. மீதிப் பாதி, ஒவ்வொருவரும் எதிர்க்குழுவின் ஆவணத்தைப் படித்து எழுதும் மறுஆய்வுக் குறிப்புக்கு.