ஆக்சிஜன் இரண்டாவது எலக்ட்ரானை வாங்க ஏன் ஆற்றல் கேட்கிறது?

கேள்வி:
ஆக்சிஜன் அணு ஒரு எலக்ட்ரானை வாங்கும்போது மோலுக்கு 141 கிலோஜூல் வெளியே வருகிறது, சரி. ஆனால் அப்படி ஒன்றை வாங்கி அயனியாகிவிட்ட (மின்சுமை ஏறிய) அதே அணு இன்னொன்றை வாங்க சுமார் 744 கிலோஜூல் நாம் கொடுக்க வேண்டுமாம். வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான் நிறைந்தால் நிலைப்புத்தன்மை என்றுதானே படித்தோம், அந்த நிலைக்குப் போக எதற்குச் செலவு? இரண்டு நாளாக மண்டையைக் குடைகிறது.

பதில் 1:
எட்டுக் கணக்கைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள், யார் இழுக்கிறார், யார் தள்ளுகிறார் என்று மட்டும் பாருங்கள். நடுநிலை அணுவில் இருக்கும் 8 எலக்ட்ரான்களும் சேர்ந்தாலும் அணுக்கருவை முழுதாக மறைத்துவிட முடியாது, அந்த மிச்ச இழுப்பில்தான் புது எலக்ட்ரான் உள்ளே விழுகிறது, ஆற்றல் வெளியேறுகிறது. அடுத்தது வரும்போது எதிரே நிற்பது ஏற்கெனவே எதிர்மின்சுமை ஏறிய அயனி. தூரத்திலேயே விலக்கும். அந்த விலக்கத்தை மீறித் தள்ளத்தான் 744. வாயு நிலையில் தனியாக விட்டால் இரட்டை எதிர்மின்சுமை கொண்ட ஆக்சைடு அயனி நிற்கவே நிற்காது, ஒரு எலக்ட்ரானை உதறிவிடும்.

கேட்டவர்:
அப்படியென்றால் மக்னீசியம் ஆக்சைடில் மட்டும் எப்படி இருக்கிறது?

பதில் 2:
படிகம் தாங்கிப் பிடிக்கிறது. ஒருமுறை கையால் கூட்டிப் பாருங்கள், எனக்கு அப்போதுதான் தெளிந்தது. எல்லாம் மோலுக்குக் கிலோஜூலில்: மக்னீசியத்தை அணுக்களாக ஆவியாக்க 148, அதிலிருந்து இரண்டு எலக்ட்ரானைப் பிடுங்க 738-ம் 1451-ம், அரை மோல் ஆக்சிஜன் மூலக்கூற்றை உடைத்து ஒரு மோல் அணுவாக்க 249, அப்புறம் உங்கள் 744-இல் 141 போக 603. ஆக மொத்தம் 3189 செலவு. எதிரெதிர் அயனிகள் நெருங்கி அடுக்கும்போது ஏறத்தாழ 3790 திரும்பி வருகிறது, இதுதான் படிகக்கூடு ஆற்றல். மிஞ்சுவது 601. மக்னீசியம் நாடா கண் கூச எரிகிறதே, அந்த வெளிச்சமும் வெப்பமும் இந்த மிச்சம்தான்.

பதில் 3:
இதே விலக்கம்தான் ஃபுளூரினிலும் வேலை செய்கிறது. ஒரு எலக்ட்ரானை வாங்கும்போது குளோரின் மோலுக்கு 349 கிலோஜூல் வெளியிடுகிறது, அதைவிடச் சின்ன ஃபுளூரின் 328தான், ஏனென்றால் அந்தக் குறுகிய இடத்தில் ஏற்கெனவே நெரிசல். ஒன்று மட்டும் கவனியுங்கள்: சில புத்தகங்கள் வெளிவரும் ஆற்றலை நேர்க்குறியிலும் சில எதிர்க்குறியிலும் எழுதும், எந்த வழக்கம் என்று பார்க்காமல் கணக்கில் இறங்காதீர்கள்.