நியூயார்க்கில் 'சேவைத் திருட்டு' கேஸ்: உங்கள் அனுபவம் என்ன?

பஃபலோ பக்கத்துக்காரன்:

என் மச்சினன் மேல் 'சேவைத் திருட்டு', அதாவது சேவையைப் பெற்றுக்கொண்டு காசு கொடுக்காமல் போகப் பார்த்தான் என்ற கேஸ் விழுந்தபோது தமிழில் தேடி எதுவும் கிடைக்கவில்லை, அதனால்தான் இதை ஆரம்பிக்கிறேன், தெரிந்தவர்கள் எல்லாரும் எழுதுங்கள்.

அவன் நியூயார்க் மாநிலத்தின் மேற்குப் பகுதியில் ஒரு சின்ன ஊரில் எம்.எஸ். படித்துக்கொண்டிருந்தான். ராத்திரி டாக்ஸியில் வந்து இறங்கியபோது கார்டு வேலை செய்யவில்லை, ஏடிஎம்மில் எடுத்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு நடந்திருக்கிறான், டிரைவர் இவன் நழுவப் பார்க்கிறான் என்று நினைத்து போலீஸைக் கூப்பிட்டுவிட்டார். கைது, கைரேகை, அப்புறம் கோர்ட்டுக்கு வரவேண்டிய தேதி போட்ட அப்பியரன்ஸ் டிக்கெட்.

அதில் இருந்த பிரிவு பீனல் லா 165.15, தெஃப்ட் ஆஃப் சர்வீசஸ். டாக்ஸி, பஸ், ரயில் கட்டணம், ஹோட்டல் பில், மீட்டரில் கைவைத்து எடுத்த கரண்ட் எல்லாம் இந்த ஒரே பிரிவில்தான் வருகிறது. பெரும்பாலும் கிளாஸ் ஏ மிஸ்டிமீனர் (பெருங்குற்றத்துக்கு ஒரு படி கீழே உள்ள வகை), அதிகபட்சம் 364 நாள் சிறை. முன்பு ஒரு வருடமாக இருந்ததை 2019-ல் ஒரு நாள் குறைத்தார்கள். ஒரு வருடத் தண்டனைக்கு இடமுள்ள குற்றம் என்றாலே வெளிநாட்டவரை நாடு கடத்தும் சட்டங்கள் சில பாயும், அதைத் தடுக்கத்தான் அந்த ஒரு நாள். நமக்கு அது எவ்வளவு பெரிய நாள் என்று அப்போதுதான் புரிந்தது.

கோர்ட் என்றால் பெரிய கட்டடம் என்று நினைக்காதீர்கள். அந்த ஊர் கோர்ட் சாயங்காலம்தான் கூடுகிறது, டவுன் ஹாலிலேயே ஒரு அறை. நியூயார்க்கில் டவுன், வில்லேஜ் கோர்ட்டுகள் ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன, அவற்றில் ஜட்ஜ் வக்கீலாக இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. கூட்டம் அதிகம், ஒவ்வொரு கேஸுக்கும் சில நிமிடம்தான்.

அங்கே அரசு வக்கீல் சொன்னது: டிஸ்ஆர்டர்லி காண்டக்ட்டுக்கு (பொது இடத்தில் ஒழுங்கீனம்) ஒப்புக்கொள், ஃபைன் கட்டு, இன்றே முடிந்துவிடும். அது குற்றமே இல்லை, வெறும் 'வயலேஷன்' என்பது உண்மைதான். ஆனால் ஃபைன் 250 டாலர் வரை போகலாம், அதற்கு மேல் நூறு டாலருக்கு அதிகமாக சர்சார்ஜ் வேறு, தவிர ஏதோ ஒன்றுக்குக் குற்றவாளி என்று வாயால் ஒப்புக்கொண்டதாகிவிடும். மச்சினன் பயத்தில் சரி என்று தலையாட்டத் தயாராக இருந்தான். வருமானம் இல்லாத மாணவன் என்பதால் கோர்ட் நியமித்த இலவச வக்கீல் ஒரு அம்மா, அவர்தான் தடுத்தார். டாக்ஸிக் காசைக் கொடுத்து ரசீது வாங்கச் சொன்னார், அடுத்த வாய்தாவில் ஏசிடி (அட்ஜர்ன்மென்ட் இன் கான்டெம்ப்ளேஷன் ஆஃப் டிஸ்மிஸல்) கேட்டார். ஆறு மாதம் கேஸைத் தள்ளிவைப்பார்கள், அதற்குள் வேறு வம்பு இல்லையென்றால் தானாகத் தள்ளுபடியாகி ஆவணமும் பொதுப் பார்வைக்கு வராமல் சீல் ஆகிவிடும். ஏசிடி என்பது தண்டனையும் இல்லை, குற்றத்தை ஒப்புக்கொண்டதும் இல்லை என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. கிடைத்தது, முடிந்தது.

குயின்ஸ் வாசகி:

எனக்குத் தெரிந்தது சப்வே கேஸ். 2016-ல் என் ரூம்மேட் ஆபீஸ் போகும் அவசரத்தில் முன்னால் போனவரோடு ஒட்டிக்கொண்டு டர்ன்ஸ்டைலை (டிக்கெட் போட்டால் திறக்கும் சுழல் கதவு) தாண்டிவிட்டாள், மேன்ஹாட்டனில். விலங்கு போட்டுக் கூட்டிப்போய் ராத்திரி முழுக்க உட்கார வைத்துவிட்டார்கள், மறுநாள் 100 சென்டர் ஸ்ட்ரீட் கிரிமினல் கோர்ட்டில் ஜட்ஜ் முன்னால் நின்று ஏசிடி. மூன்று டாலர்கூட இல்லாத டிக்கெட்டுக்கு இது. அப்போது மேன்ஹாட்டன் மாவட்ட அட்டர்னியாக (தலைமை அரசு வக்கீல்) இருந்த சைரஸ் வான்ஸ் 2018-லிருந்து இந்த மாதிரி கேஸ்களில் பெரும்பாலானவற்றை கோர்ட்டுக்குக் கொண்டுபோவதையே நிறுத்தினார். இப்போது பெரும்பாலும் சிவில் சம்மன்தான், அது கிரிமினல் கோர்ட்டுக்கே போகாது, டிரான்சிட்டின் தனித் தீர்ப்பாயத்துக்குப் போகும். ஆனால் கையில் ஐடி இல்லாமலோ பழைய வாரண்ட்டோடோ மாட்டினால் கதை வேறு. ஐடி இல்லாமல் வெளியே போகாதீர்கள், தயவுசெய்து.

லாங் ஐலண்ட் அண்ணாச்சி:

நான் புகார் கொடுத்த பக்கம். சின்ன உணவகம் நடத்துகிறேன். ஒரு பெரிய கூட்டம் சாப்பிட்டுவிட்டு ஆள் ஆளாக எழுந்து போய்விட்டது, ஒருவர் மட்டும் அகப்பட்டார். உணவக பில் விஷயத்தில் சட்டம் கொஞ்சம் நமக்குச் சாதகம்: பணம் கொடுக்காமல் போனாலே ஏமாற்றும் எண்ணம் இருந்ததாக எடுத்துக்கொள்ளலாம், அவர் அதை மறுத்துக் காட்டலாம். ஆனால் சாப்பாடு சரியில்லை என்று சண்டை போட்டுக் கொடுக்காமல் போனது வேறு, அதை இதில் இழுக்கக் கூடாது.

கடைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது, போலீஸிடம் சொன்னதோடு வேலை முடிவதில்லை. நாம் பார்த்ததை எழுதிக் கையெழுத்துப் போட்ட வாக்குமூலம் வேண்டும். இந்த வகைக் குற்றத்தில் அரசுத் தரப்பு 90 நாளுக்குள் விசாரணைக்குத் தயாராக வேண்டும், நம் தாள் வராவிட்டால் கேஸ் அப்படியே போய்விடும். எனக்கு அந்தப் பையன் ஜெயிலுக்குப் போக வேண்டும் என்று இல்லை, என் பணம் வந்தால் போதும். அதைச் சொன்னேன், முழு பில்லையும் கட்டினார், அவருக்கும் ஏசிடி ஆனது. எனக்கு அது நியாயமாகவே பட்டது.

பஃபலோ பக்கத்துக்காரன்:

அண்ணாச்சி, நன்றி, அந்தப் பக்கம் எனக்குத் தெரியாது.

விசா பற்றித் தனிச்செய்தியில் கேட்கிறார்கள். கிரிமினல் வக்கீல் குடியேற்ற விளைவைச் சொல்லியே ஆக வேண்டும், 2010-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் படியா (Padilla) வழக்கில் அப்படித் தீர்ப்பளித்தது. அதனால் நீங்கள் என்ன விசாவில் இருக்கிறீர்கள் என்பதை முதல் சந்திப்பிலேயே வக்கீலிடம் சொல்லுங்கள். ஜட்ஜிடம் சொல்ல வேண்டாம். ஆங்கிலம் தடுமாறினால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், காசு கிடையாது.

கேஸ் தள்ளுபடி ஆனாலும் விசாவுக்கு விண்ணப்பிக்கும் டிஎஸ்-160 படிவம் தண்டனையை மட்டும் கேட்பதில்லை, எப்போதாவது கைதானீர்களா என்றும் கேட்கிறது. சீல் ஆகிவிட்டதே என்று 'இல்லை' போடாதீர்கள், 'ஆம்' போட்டு விவரம் எழுத வேண்டும். ஆறு மாதம் முடிந்ததும் கோர்ட் கிளார்க்கிடம் சர்டிஃபிகேட் ஆஃப் டிஸ்பொசிஷன் (கேஸ் எப்படி முடிந்தது என்ற சான்றிதழ்) வாங்கி வையுங்கள். மச்சினன் போன மாதம் சென்னையில் விசா ஸ்டாம்பிங் போனபோது அந்தத் தாளைத்தான் முதலில் கேட்டார்கள்.