மறு: மறு: ஹோஸ்ட் கீ: சாவியா, திறப்பா, முத்திரையா?

வெள்ளவத்தை:
எல்லோருக்கும் வணக்கம். லினக்ஸ் வகுப்புக் கைநூல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரே ஒரு தலைப்பில் நிற்கிறேன். எஸ்எஸ்எச் என்பது தொலைவிலிருந்து இன்னொரு கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் சேவை; ஹோஸ்ட் கீ என்பது அந்தக் கணினி தன் அடையாளத்தைக் காட்ட வைத்திருக்கும் கோப்பு. ஹோஸ்ட் கீ ஒன்றுமே இல்லையென்றால் சேவை எழும்பாது. அதனால் பல லினக்ஸ் பதிப்புகள் சேவையைத் தொடக்குமுன் ‘எஸ்எஸ்எச்-கீஜென் -ஏ’ கட்டளையை ஓட்டிப் பார்க்கின்றன. ஆர்எஸ்ஏ, ஈசிடிஎஸ்ஏ, இடி25519 ஆகிய கீ வகைகளில் எது இல்லையோ அதை மட்டும் அது ஆக்கும், இருப்பதைத் தொடாது. இதற்கு ‘காணாமற்போன ஓம்புநர் திறவுகோல்களை உருவாக்குதல்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். வாயில் நுழையவில்லை.

கொட்டாஞ்சேனை:
தங்கச்சி, ஓம்புநர் உயர்திணை. பொறிக்கு ‘ஓம்பி’ போதும். இகர விகுதி வினைமுதலுக்கும் வரும் (சேர்ந்தாரைக்கொல்லி), கருவிக்கும் வரும் (மண்வெட்டி), செயப்படுபொருளுக்கும் வரும் (ஊருணி). ஊருணி ஊரை உண்பதல்ல, ஊரார் உண்பது. அந்தக் கணக்கில் ஓம்பி என்பது ஓம்பப்படுவதாகவும் ஆகலாம், அதை இன்னொரு மடலில் பார்ப்போம். திறவுகோல் நீளம். சாவி போர்த்துக்கேயர் விட்டுப்போனது. வயலில் சாவி என்றால் பதர். வீட்டில் திறப்பு என்றுதானே சொல்கிறோம்?

தெஹிவளை:
ஐயா, வீட்டில் திறப்புத்தான். ஆனால் பிள்ளைகள் தரவுத்தளப் பாடத்தில் ‘முதன்மைச் சாவி’ எழுதிப் பரீட்சை எடுத்துவிட்டு வருகிறார்கள். ‘திறப்பு ஆக்கப்பட்டது’ என்று திரையில் கண்டால் ஏதோ போர்ட் (இணைப்பு வாயில்) திறந்துவிட்டதென்றுதான் நினைப்பார்கள். ஓம்பியும் வேண்டாம், ஹோஸ்ட்டுக்கு ‘வழங்கி’ பழகிவிட்டது.
இன்னொன்று. ‘காணாமற்போன’ என்ற சொல்லை இந்த நாட்டில் ஒரு கோப்புக்கு வைக்க எனக்கு மனமில்லை. ‘இல்லாத’ என்று போடுங்கள்.

கொட்டாஞ்சேனை:
அதை ஏற்கிறேன். ஆனால் தம்பி, இந்தப் பொருள் எதைத் திறக்கிறது? ஒன்றையும் இல்லை. நீ தேடி வந்த இயந்திரம் நான்தான் என்று காட்டுகிறது, அவ்வளவே. அசோகவனத்தில் அனுமன் காட்டிய கணையாழி செய்த வேலை. கணையாழி என்றே வைக்கலாம்.

பம்பலப்பிட்டி:
வேலைத்தளத்தில் வழங்கிகளைப் பார்ப்பவன் என்ற முறையில் ஒரு சொல். கணையாழி கைமாறும், ஐயா. இதில் தனிச்சாவி (இரகசியமாக வைக்கும் பாதி) இயந்திரத்தை விட்டு அசையவே கூடாது. கோப்பின் அனுமதி 600, உரிமையாளரைத் தவிர யாரும் வாசிக்க முடியாது. வெளியே போவது பொதுச்சாவியும் (எவருக்கும் காட்டும் பாதி) கையொப்பமும்தான். முத்திரை அரண்மனையில், அதன் பதிவு ஓலையில் என்பதுபோல. எனவே ‘முத்திரை’ பொருளுக்கு நெருங்கி வருகிறது.
‘இல்லாத’ பற்றியும் சொல்ல வேண்டும். ஒரே வட்டுப் படிமத்தை (முழு வட்டின் நகல் கோப்பு) பல மெய்நிகர் இயந்திரங்களுக்கு (மென்பொருளாக ஓடும் கணினிகள்) நகல் எடுத்தால் எல்லாவற்றிலும் ஒரே ஹோஸ்ட் கீ இருக்கும். ஒன்றின் தனிச்சாவி வெளியே போனால் மற்றவற்றைப் போலவும் வேடம் போடலாம். அதனால்தான் படிமத்தில் அவற்றை வேண்டுமென்றே அழித்துவிட்டு, முதல் தொடக்கத்தில் ஒவ்வொன்றும் தனக்கென ஆக்கிக்கொள்ள விடுகிறோம். ஓடிக்கொண்டிருக்கும் வழங்கியில் அழித்துப் புதிதாக ஆக்கினாலோ, முன்பு இணைந்தவர்கள் எல்லோருக்கும் ‘அடையாளம் மாறிவிட்டது’ என்று எச்சரிக்கை வரும். கைநூலில் இதைக் கட்டாயம் சேருங்கள், சொல் எதுவானாலும் சரி.

தெஹிவளை:
முத்திரை அழகுதான், அண்ணை. ஆனால் பொதுச்சாவி, தனிச்சாவி என்று சொல்லிவிட்டு இது மட்டும் முத்திரை என்றால், பொதுமுத்திரை, தனிமுத்திரை என்றும் போக வேண்டி வரும். தபால் கந்தோருக்கே போய்விடுவோம்.

வெள்ளவத்தை:
நேரமில்லை. பெரும்பாலானோர் சாவி என்கிறீர்கள். ‘இல்லாத வழங்கி சாவிகளை ஆக்கல்’ என்று போடுகிறேன். ‘பிறப்பாக்கல்’ என்று தனிமடலில் எழுதியவருக்கு: மின்பிறப்பாக்கி நினைவுக்கு வருகிறது, விட்டுவிட்டேன். படிமம் பற்றிய பகுதியைப் பெட்டிச் செய்தியாகச் சேர்க்கிறேன்.

கொட்டாஞ்சேனை:
தோற்றுவிட்டேன், சரி. ஆனால் வழங்கியின் சாவி ஆறாம் வேற்றுமைத்தொகை, புலித்தோல் போல ஒற்று மிகும். ‘வழங்கிச் சாவி’ என்று திருத்திவிட்டு அச்சுக்குக் கொடுங்கோ. முத்திரை என்று வைத்திருந்தால் மெல்லினம், இந்தத் தொல்லையே இல்லை.