மேற்கு வெயிலுக்கு மகிழமா, புங்கையா?

வீட்டின் மேற்குப் பக்கம் நிழலுக்காகப் போன ஆண்டு மழைக்கு முன் ஒரு மகிழங்கன்று நட்டோம். இடுப்பளவிலேயே நிற்கிறது. தளிர் விட்டாலும் இலை ஓரம் பழுப்பாகிக் கருகுகிறது. சுவருக்கும் கன்றுக்கும் 15 அடி இடைவெளி. களிமண், பெருமழை பெய்தால் இரண்டு நாள் தண்ணீர் வடியாது.

மணலும் தொழுஉரமும் கலந்து மண்ணைக் கொத்திவிட்டேன், தண்ணீரைக் குறைத்தேன், மூடாக்கு போட்டேன், அப்புறம் வேப்பம்புண்ணாக்கும் வைத்தேன். மாற்றமில்லை. இலையில் பூச்சி எதுவும் தெரியவில்லை.

மகிழம் மெதுவாகத்தான் வளரும், தெரியும். ஆனால் ஆண்டு முழுக்க இலை நிற்கும், அடர்ந்த நிழல், உதிர்ந்த பிறகும் மணக்கும் பூ. அதனால் பிடுங்க மனம் வரவில்லை. புங்கை வேகமாக வளரும், நீர் தேங்கினாலும் தாங்கும், வேர் முடிச்சுகளால் தழைச்சத்தும் சேர்க்கும். ஆனால் கோடை தொடங்கும்போது இலை கொட்டும், இலைகளில் சிலந்திப்பேன் முடிச்சுகள் வரும், வேரிலிருந்து பக்கக்கன்றுகளும் கிளம்பும்.

இரண்டையும் களிமண்ணில் வளர்த்தவர்கள் சொல்லுங்கள்: இந்த மகிழத்தை மேட்டுப்பாத்தி கட்டி அதில் மாற்றி நட்டால் தேறுமா, இல்லை அதே இடத்தில் புங்கை வைப்பதுதான் சரியா?