முக்குல வருத சிக்கன் கடை

(பாளையங்கோட்டை, தெரு வாட்ஸ்அப் குழு, ஞாயிறு சாயங்காலம்)

மாடி வீட்டு சித்தி: முக்குல கிளினிக் இருந்த இடத்துல பெரிய சிக்கன் கம்பெனியோட கிளை வருதுன்னு போர்டு மாட்டிட்டாவ. ராத்திரி 12 வரைக்குமாம். வீடுங்க இருக்க தெருவுல எப்படி விட்டாவ?

பேங்க் அண்ணாச்சி: வரட்டும் மைனி. பிள்ளைங்க ராத்திரி வண்ணார்பேட்டைக்கு வண்டி எடுத்துட்டுப் போவ வேண்டாம். நாலு பேருக்கு வேலையும் கிடைக்கும்.

கடைசி வீட்டு அக்கா: வாசல்ல டெலிவரி பைக்கா நின்னா காரை எப்படி வெளிய எடுக்க?

இன்ஜினியர் தம்பி: பைக்கைப் பொறவு பேசிக்கிடலாம்க்கா. அத விட அவசரம் ஒண்ணு இருக்கு. பின்னால கிச்சன் தரை தோண்டிக் கிடக்கு. பாத்திரம் கழுவுத தொட்டிக் குழாய் நேரா பாதாளச் சாக்கடை சேம்பருக்கு, அதான் மூடி போட்ட குழிக்குப் போவுது. நடுவுல கிரீஸ் டிராப்பே இல்ல. வியாழக்கிழமை டைல்ஸ் ஒட்டுதாவ. ஒட்டிட்டா யாரும் உடைக்க மாட்டாவ.

மாடி வீட்டு சித்தி: அது என்னது தம்பி?

இன்ஜினியர் தம்பி: எண்ணெயப் பிடிச்சு வைக்குத தொட்டி சித்தி. சட்டி கழுவுத தண்ணி சூடா போவும்போது கொழுப்பு உருகித்தான் இருக்கும். இருபது முப்பது அடி தாண்டி ஆறுன உடனே குழாய் ஓரத்துல வெள்ளையா மெழுகு மாதிரி படியும். அதுல சோத்துப் பருக்கை, டிஷ்யூ பேப்பர் எல்லாம் ஒட்டும். 6 இஞ்சுக் குழாய் 4 ஆவும், 3 ஆவும், ஒரு நாள் அடைச்சிரும். அடைப்புக்கு மேல இருக்கதுல எந்த வீடு தாழ்வோ, அங்கதான் பொங்கும். கடைக்குள்ள பொங்காது.

கடைசி வீட்டு அக்கா: தாழ்வு எங்க வீடுல்லா! எவ்வளவு பெரிய தொட்டி வேணும்?

இன்ஜினியர் தம்பி: பாத்திரம் கழுவுத இடத்துல ரெண்டு தண்ணிக் குழாயும் சேந்து ஓடுனா நிமிஷத்துக்கு 30 லிட்டர்னு வைங்க. எண்ணெய் பிரிஞ்சு மேல மிதக்க அரைமணி நேரம் தண்ணி உள்ள நிக்கணும். 30 × 30 = 900. அப்போ 1000 லிட்டர் தொட்டி. உள்ள தடுப்புச் சுவர். வெளிய போவுத குழாய்ல 'டி' (T மாதிரி இருக்க இணைப்பு) வச்சு தண்ணிக்குள்ள கீழ இறக்கணும், மேலயே இருந்தா மிதக்குத எண்ணெயும் சேந்து போயிரும். தொட்டிக்கு முன்ன சல்லடை. எல்லாம் கிச்சனுக்கு வெளிய, மூடிய தூக்க வசதியா.

ரிட்டயர்ட் சார்: கட்டினா மட்டும் போதாது. மேல எண்ணெயும் அடியில வண்டலும் சேந்து தொட்டி ஆழத்துல கால்வாசி ஆயிட்டா அள்ளிரணும். பொரிக்குத கடைக்கு வாரம் ஒருக்கா வேண்டியிருக்கும். அள்ளச் சோம்பப்பட்டு கொதிக்க கொதிக்க தண்ணி ஊத்துவாங்க. அது எண்ணெய உருக்கி தெருக் குழாய்க்கே தள்ளிரும். அள்ளின தேதிக்கு ஒரு நோட்டு போடச் சொல்லணும்.

பேங்க் அண்ணாச்சி: மழைத்தண்ணி ஓடையில விட்டா பிரச்சினை தீந்துருமே?

ரிட்டயர்ட் சார்: விடவே கூடாது அண்ணாச்சி. வாய்க்கால், தாமிரபரணின்னு போய்ச் சேரும். வயலுக்கும் அதுதான், குடிக்கவும் அதுதான்.

கடைசி வீட்டு அக்கா: புகை?

இன்ஜினியர் தம்பி: சுவத்துல ஓட்டை போட்டு ஃபேன் வச்சா நேரா உங்க படுக்கையறைக்குத்தான் வரும். தகரக் குழாய் பக்கத்து மாடிய விட உசந்து, மேல பாத்து நிக்கணும். ஃபேனுக்கு அடியில ரப்பர் பேடு, குழாய் சேருத இடத்துல கேன்வாஸ் துணி. இல்லைன்னா சுவரே அதிரும்.

ரிட்டயர்ட் சார்: குடியிருப்புப் பகுதிக்கு ராத்திரி 10 முதல் காலை 6 வரை சத்தம் 45 டெசிபல்தான் இருக்கலாம். பகல்ல 55. ஜெனரேட்டர் திறன் 25 கேவிஏன்னா புகைக்குழாய் கட்டட உச்சிக்கு மேல 1 மீட்டர் போகணும்.

மாடி வீட்டு சித்தி: எனக்கு சிலிண்டர்தான் பயம்.

ரிட்டயர்ட் சார்: 19 கிலோ சிலிண்டர் அஞ்சு வச்சா 95 கிலோ. 100 கிலோவத் தாண்டினா வெடிபொருள் துறை லைசென்ஸ் வேணும். ஆறாவது சிலிண்டர் கண்ணுல பட்டா லைசென்ஸக் காட்டுன்னு கேளுங்க.

பேங்க் அண்ணாச்சி: கட்டட ஓனருட்ட நான் பேசுதேன். தொட்டி, புகைக்குழாய், பைக் நிறுத்துத இடம் மூணையும் வாடகை ஒப்பந்தத்துலயே எழுதச் சொல்லுவோம். கேக்கலைன்னா மாநகராட்சி பாளை மண்டல ஆபீஸ்ல மனு, ஒப்புகைச் சீட்டோட. அடுத்த திங்கள் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ்.

இன்ஜினியர் தம்பி: நாளைக்கு காலையில 7 மணிக்கு மேஸ்திரி வந்துருவாவ. டேப்பும் தொட்டி படமும் கொண்டு வாரேன். அக்கா, உங்க சேம்பர் மூடிய தொறந்து வைங்க, மட்டம் பாக்கணும்.

கடைசி வீட்டு அக்கா: மேல பூந்தொட்டி வரிசையா இருக்கு. இப்பவே நகட்டிருதேன்.